ஆடு தின்னாத தழை

விமலேஸ்வரி வென்றவை இவை.

இறந்துபோன கணவரின் பெயரில் இருந்த காணி அனுமதிப்பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றுவித்தாள். அதற்காகப் பிரதேச செயலகத்துக்கு இரண்டு வருடத்தில் பதினான்கு தரம் போனாள். அதில் ஒன்பது தரம் நடந்து போனாள். வீட்டுத்திட்டப் பட்டியலில் முதல் தரம் விடுபட்ட பெயரை இரண்டாம் தரம் சேர்க்க வைத்தாள். யானை மூன்று தரம் வளவுக்குள் வந்தும் இருபத்திரண்டு தென்னையில் பதினேழைக் காப்பாற்றினாள். மகள் கஜேந்தினியை உயர்தரம் வரை படிப்பித்தாள். அரை ஏக்கர் வீட்டு வளவில் பாத்தீனியம் என்ற களைப்பூண்டு ஒன்றுகூட முளைக்காத இரண்டு மாரியைக் கண்ணால் கண்டாள். பக்கத்து வளவு ஒரு ஏக்கரையும் அதே போலத் துப்புரவாக்கினாள். அந்தப் பக்கத்து வளவில் ஒரு சாண் நிலமும் அவளுடையது அல்ல.

2024 வைகாசியில், மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள், விமலேஸ்வரி இறந்தாள். வயது நாற்பத்தெட்டு. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த வாய்க்கால் கரையில் இவ்வளவு சுத்தமான வளவு வேறு இல்லை என்று சொன்னார்கள். அண்ணன் தவராசா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பூண்டு அந்த வளவுக்குள் முதன்முதல் எப்படி வந்தது என்பது அவருக்குத் தெரியும்.

அவர்களுடைய தகப்பன் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்து, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளத்து நீர் பாயும் குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்தவர். தாய் இறந்தபோது தவராசாவுக்குப் பதினொரு வயது, விமலேஸ்வரிக்கு ஆறு. வீட்டில் ஒரு பிள்ளை படிக்கட்டும், ஒரு பிள்ளை அடுப்பைப் பார்க்கட்டும் என்று தகப்பன் முடிவு செய்தார். யார் எதைச் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. விமலேஸ்வரி பலகைக் கட்டையில் ஏறி நின்று சோற்றுப் பானையை இறக்கப் பழகினாள். தவராசா அந்தச் சோற்றைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். எட்டாம் வகுப்போடு அவரும் வயலுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த எட்டு வருடத்தில் அவருக்கு அழகான கையெழுத்து வாய்த்திருந்தது. உருண்டையாக, ஒரே அளவாக, கோட்டை விட்டு இறங்காத எழுத்து.

அந்த எழுத்து தங்கச்சிக்கும் சேர்த்து உழைத்தது. கலியாணப் பதிவிலிருந்து நிவாரண அட்டை வரைக்கும், விமலேஸ்வரி பெருவிரலை மையில் தோய்த்து அழுத்துவாள். அதன் கீழே சாட்சி என்ற இடத்தில் தவராசா கையொப்பம் வைப்பார். தங்கச்சிக்கு எழுதப் பழக்க வேண்டும் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுடைய கடதாசிகளில் தன் பெயர் இருப்பது அவருக்குப் பெருமையாக இருந்தது.

விமலேஸ்வரியின் கணவர் 2009 இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் காய்ச்சலில் போனார். 2011 ஆவணியில் அவள் எட்டு வயது முடிந்த மகளோடு வளவுக்குத் திரும்பி வந்தபோது, வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. பழைய தென்னைகள் வட்டுப் போய் மொட்டையாக நின்றன. கிணற்றுக்குள் தகரமும் சைக்கிள் றிம்மும் கிடந்தன. இரண்டு வளவு தள்ளிக் குடியிருந்த தவராசா முதல் வேலையாகத் தென்னைக்குக் குழி வெட்ட வந்தார். தென்னை நின்றால்தான் அது ஆள் இருக்கிற வளவு என்று அதிகாரிகள் ஒத்துக்கொள்வார்கள்.

அவர் வேலை என்றால் அளவான வேலை. மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம். குழிக்குக் குழி இருபத்தாறு அடி, கயிறு பிடித்து, நேர் பார்த்து. இருபத்திரண்டு குழி. அடியில் தேங்காய்ப் பொச்சு, அதன் மேல் பச்சைத் தழை, அதன் மேல் எருவும் மேல்மண்ணும்.

குழிக்குப் போடுகிற தழையில் அந்தப் பக்கத்தில் ஒரு கவனம் உண்டு. ஆடு தின்னுகிற தழையை மண்ணுக்குள் தாட்டால் ஆடு வந்து கிளறி, தென்னம்பிள்ளையையும் சேர்த்துக் கடித்துவிடும். ஆகவே எருக்கு, ஆடாதோடை, வேம்பு என்று ஆடு விலக்குகிற தழையாகப் பார்த்துத்தான் போடுவார்கள். அந்த வருடம் கிட்டடியில் எருக்கும் இல்லை, வேம்பும் இல்லை. ஆனால் வீதி திருத்தக் கிரவல் கொட்டியிருந்த வளைவில், கரட் இலை போன்ற இலையும் மூக்குத்திக் கல் அளவு வெள்ளைப் பூவுமாக ஏதோ ஒரு பூண்டு இடுப்பளவுக்கு வளர்ந்து நின்றது. தவராசா கூட்டிக்கொண்டு போன ஆடு அதை மணந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஐந்து நடை கொண்டுவந்து, பூவும் தழையுமாகக் குழிகளில் மிதித்து நிரப்பினார்.

மாரி மழை விழுந்து இரண்டு கிழமையில், ஒவ்வொரு தென்னம்பிள்ளையையும் சுற்றி ஒரு பச்சை வட்டம் முளைத்தது. இருபத்திரண்டு தென்னம்பிள்ளை, இருபத்திரண்டு வட்டம், கயிறு பிடித்த நேரில். வடிவாய்த்தான் கிடக்குது என்று விமலேஸ்வரி சொன்னாள். கஜேந்தினி அந்தப் பூவைப் பிடுங்கிச் சாமிப்படத்துக்கு வைத்தாள்.

அடுத்த மாரியில் வட்டங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதற்கு அடுத்த மாரியில் கிடுகு வேலியைத் தாண்டிப் பக்கத்து வளவுக்குள் இறங்கியது. பக்கத்து வளவு கனடாவில் இருக்கும் இளையதம்பியுடையது. அங்கே பிடுங்க ஆளும் இல்லை, நிழல் விழுத்த ஒரு மரமும் இல்லை. ஒரு ஏக்கரும் வெள்ளை பூத்து நின்றது.

2013 மார்கழியில் தவராசா உர மானியப் படிவம் கொடுக்கக் கமநல சேவை நிலையத்துக்குப் போனார். சுவரில் ஒரு வர்ண விளம்பரம் ஒட்டியிருந்தது. படத்தில் அந்த இலை, அந்தப் பூ. கீழே பாத்தீனியம் என்று எழுதி, ஒரு செடி பல்லாயிரம் விதை போடும், விதை மண்ணுக்குள் பல வருடம் கிடக்கும், தோலையும் மூச்சையும் பாதிக்கும், பூத்த செடியைப் பசளையாகப் புதைக்கக் கூடாது என்று வரிசையாக இருந்தது. அவர் ஒவ்வொரு வரியாக இரண்டு தரம் வாசித்தார். பிறகு படிவத்தைக் கொடுக்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பிடுங்க வேண்டும் என்பதை அன்றைக்கே தங்கச்சிக்குச் சொன்னார். கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை.

அன்று தொடங்கிய வேலை விமலேஸ்வரி சாகும்வரை நிற்கவில்லை. மண் ஈரமாக இருக்கும்போது, பூக்க முன்னம், வேரோடு பிடுங்க வேண்டும். சொப்பிங் பையைக் கையுறையாகக் கட்டிக்கொண்டாள். பழைய சேலைத் துண்டை மூக்கில் சுற்றினாள். பிடுங்கியதைத் தகரத்தின் மேல் காயவைத்துக் கொளுத்தினாள். பூத்துவிட்ட செடி என்றால் தலையில் பையைப் போட்டு மூடிக் கட்டிய பிறகுதான் வேரில் கை வைப்பாள், ஒரு விதையும் சிந்தக் கூடாது என்று. கல்லிடுக்கில் முளைத்ததற்கு உப்புத் தண்ணீர் தெளித்தாள். வேலி ஓரம் தகரை விதையைத் தூவி வளர்த்தாள். தகரை நெருக்கமாக நின்றால் பாத்தீனியம் முளைக்கத் தயங்கும் என்று கமநல நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். தவராசா விடியப் புறத்தில் வந்து தென்னை வரிசையில் அரைவாசியைப் பிடுங்கிவிட்டுத் தன் வயலுக்குப் போவார்.

2014 இல் அவளுடைய விரல் இடுக்குகளில் கொப்புளம் போட்டது. பிறகு உள்ளங்கை தோல் தடித்து வெடித்தது. 2016 இல் இழுப்பு வந்தது. பூக்கிற மாதங்களில், பக்கத்து வளவிலிருந்து காற்று இந்தப் பக்கம் திரும்பினால், அவள் கதிரையைக் குசினிக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி மூச்சை எண்ணுவாள். டொக்டர் இடத்தை மாற்றச் சொன்னார். பள்ளிக்கூடத்தை வவுனியாவுக்கு மாற்றிக்கொண்டு போவோம் அம்மா என்று கஜேந்தினியும் கேட்டாள். விமலேஸ்வரி மாட்டேன் என்றாள். ஆள் இல்லாத வளவின் அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்யலாம். பதினான்கு தரம் போய் வாங்கினதை இழுப்புக்குக் கொடுக்க அவள் தயாரில்லை. தன் வளவு ஓரளவு அடங்கிவிட்டது. இனிப் பக்கத்து வளவை அடக்கினால் அங்கேயே இருந்து மூச்சு விடலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த வருடக் கார்த்திகையில் அவள் வேலியால் புகுந்து பக்கத்து வளவில் பிடுங்கத் தொடங்கினாள். நான்காம் நாள் யாரோ படம் எடுத்து இளையதம்பிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் கனடாவிலிருந்து கிராம சேவையாளருக்கு முறைப்பாடு செய்தார், விமலேஸ்வரி தன் காணியைத் துப்புரவாக்கிப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று. அவர் அப்படி நினைத்ததிலும் பிழை சொல்ல முடியாது. காடு வெட்டித் துப்புரவாக்குவதுதான் அந்தப் பக்கத்தில் காணிக்கு உரிமை கேட்பதன் முதல் அடையாளம். வெளிநாட்டில் இருப்பவர்களின் எத்தனையோ வளவுகள் அப்படித்தான் கை மாறின. கிராம சேவையாளர் கூப்பிட்டு, இனி அந்த வேலியைத் தாண்ட வேண்டாம் என்றார். அவள் தாண்டவில்லை. இரண்டு மாரி, பக்கத்து வளவு பூத்து விதைத்து இந்தப் பக்கம் ஊதியது. பிடுங்கிய இடத்திலேயே திரும்பவும் பிடுங்கினாள்.

2018 புரட்டாதியில் தவராசா இளையதம்பியின் நம்பரைத் தேடிப் பிடித்தார். தன் போனில் எடுத்து, ஒலியைக் கூட்டி, குசினிக்குள் மேசையில் வைத்தார். முதலில் சுகநலம், மழை, யார் யார் செத்தது என்று போனது. பிறகு விமலேஸ்வரி விசயத்துக்கு வந்தாள். இளையதம்பி சிரித்தார்.

"பிள்ளை, இண்டைக்குப் புல்லுப் பிடுங்கிறன் எண்டுவியள். நாளைக்கு ஒரு கிணறு வெட்டுவியள். நாளையிண்டைக்கு நான் வந்தால் நீ ஆர் எண்டு கேப்பியள்."

"அண்ணை, உங்கடை காணி எனக்கு வேண்டாம்," என்றாள் அவள். "எனக்கு மூச்சுத்தான் வேணும்."

"உந்தப் பூண்டு ஊரெல்லாம் கிடக்குதாம். அதுக்கு என்ரை வளவு என்ன செய்யும்?"

அவள் இருமி முடிக்கும்வரை போன் சும்மா கிடந்தது.

"உங்கடை வளவுக்கு அது எங்கடை வளவாலை வந்தது," என்றாள். "தென்னங்குழிக்கு நான்தான் தெரியாமல் தாட்டனான். பூவோடை தாட்டனான். அதுதான் நானே பிடுங்கித் தாறன் எண்டுறன்."

மறுபக்கத்தில் இளையதம்பியின் குரல் இறங்கி வந்தது. காணியில் தனக்கோ பிள்ளைக்கோ எந்த உரித்தும் இல்லை என்று அவள் எழுதி, சமாதான நீதவான் முன்னால் ஒப்பம் வைத்து அனுப்பினால் பிடுங்கலாம் என்றார். சமாதான நீதவான் இல்லாமல் வெறும் கடதாசி வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார்.

போன் நின்ற பிறகு தவராசா கேட்டார்.

"ஏன் அப்பிடிச் சொன்னனி? தாட்டது நானெல்லே."

"தென்னை ஆற்றை?"

"உன்ரை."

"அப்ப தழையும் என்ரை," என்றாள். பிறகு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பூண்டுக்கும் நீங்களே சாட்சிக் கையெழுத்து வைக்கப் போறியளோ?" என்று கேட்டுச் சிரிக்கப் போய், அது இருமலில் முடிந்தது.

எப்போது தெரியும் என்று அவர் கேட்டார். இருபத்திரண்டு வட்டமும் கயிறு பிடித்த நேரில் முளைத்தபோதே தெரியும் என்றாள். அந்தப் பூண்டு கூடாதது என்று பிற்பாடுதான் தெரியும். எங்கிருந்து வந்தது என்று முதலே தெரியும். சொன்னால் அவர் வளவுப் பக்கம் வரக் கூச்சப்படுவார், தென்னையில் அரைவாசியை யார் பிடுங்குவது என்று விட்டுவிட்டாளாம். அவர் ஐந்து வருடம் மூடி வைத்திருந்ததை அவள் ஏழு வருடம் மூடி வைத்திருந்தாள்.

கடதாசியைத் தவராசாவே எழுதினார். இளையதம்பிக்குச் சொந்தமான பக்கத்துக் காணியில் எனக்கோ எனது பிள்ளைக்கோ இன்றும் இனி எக்காலத்திலும் எவ்வித உரித்தும் இல்லை என்றும், பாத்தீனியம் பிடுங்குவதற்காக மட்டுமே உள்ளே செல்கிறேன் என்றும். ஒரு வெட்டுத் திருத்தமும் இல்லாமல், இரண்டு தரம் எழுதி நல்லதை எடுத்தார். முதல் மழை அந்த நேரம் விழுந்துவிட்டது. முளைத்த நாலு ஐந்து கிழமையில் செடி பூக்கத் தொடங்கும். அதற்குள் உள்ளே இறங்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் சந்தியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பாறூக் நானா, ஒப்பங்களை உறுதிப்படுத்திச் சீல் குத்துகிற ஒரு சமாதான நீதவான். முல்லைத்தீவில் பிறந்து, தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போய், இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். காணி விசயத்தில் ஒரு எழுத்துப் பிழையும் விடமாட்டார் என்று பெயர். ஒக்டோபர் பதினாறாம் திகதி செவ்வாய்க்கிழமை அண்ணனும் தங்கச்சியும் அவருடைய கடைக்குப் போனார்கள். நானா கடதாசியை வாசித்தார். எழுதினது ஆர், நல்ல எழுத்து என்றார். மைப்பெட்டியைத் திறந்து விமலேஸ்வரியின் இடது பெருவிரலைப் பிடித்து, உருட்டி, வேறொரு தாளில் அழுத்திப் பார்த்தார்.

ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. கோடு ஒன்றும் இல்லை.

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மையைக் குறைத்து, திரும்ப அழுத்தினார். வலது கையையும் பார்த்தார். அது இன்னும் மோசம். வெடித்த இடம் மட்டும் வெள்ளைக் கீறலாக விழுந்தது. ஐந்து வருடம் அந்தப் பூண்டைப் பிடுங்கியதில் அவளுடைய விரல்களில் ரேகை தேய்ந்து, தோல் மாத்திரம் மிஞ்சியிருந்தது. நானா அவள் கையை விடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நீங்கதான் எண்டு எனக்குத் தெரியும். ஆனா இந்தப் பொட்டு உங்கட எண்டு நாளைக்கு ஒருத்தருக்கும் காட்டேலா. இதுக்கு நான் சீல் குத்தினா அது உங்களுக்கும் பாதுகாப்பில்ல, அவருக்கும் பாதுகாப்பில்ல."

சாட்சிக்குத் தான் கையொப்பம் வைக்கிறேன் என்று தவராசா சொன்னார். பேனையையும் கழற்றிவிட்டார். சாட்சி வைக்க முதலில் ஒரு ஒப்பம் வேண்டுமே தம்பி என்று நானா மெல்லச் சொன்னார்.

விமலேஸ்வரி தன் விரலைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"கையெழுத்து எண்டால் சரியோ நானா?"

"ஓம், கையெழுத்து எண்டா சரி."

"அப்ப எனக்கு ஒரு கிழமை தாங்கோ."

வீட்டுக்கு வந்ததும் தவராசா சீமெந்துப் பையின் உட்தாளைக் கிழித்து, அதில் விமலேஸ்வரி என்று நாலு விரல் உயரத்தில் எழுதினார். ஆறு எழுத்து. அதைக் குசினிச் சுவரில் சோற்றுப்பசை போட்டு ஒட்டினார். பழக்கித் தரவா என்று கேட்க வாய் எடுத்து, நாற்பத்திரண்டு வயதுத் தங்கச்சியிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரே ஒரு தரம், எந்தப் பக்கத்தால் தொடங்குவது என்று மட்டும் கேட்டாள். இடப்பக்கத்தால் என்றார்.

வெடித்த விரலில் பேனை நிற்கவில்லை. பேனையில் சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றித் தடிப்பாக்கிக்கொண்டாள். கஜேந்தினியின் பழைய கொப்பிகளில் எழுதாத பின்பக்கங்களை எடுத்து, அடுப்பில் உலை கொதிக்கும் நேரமெல்லாம் எழுதினாள். தவராசா காலையில் பிடுங்க வரும்போது அந்தத் தாள்கள் அடுப்படியில் கிடக்கும். முதல் நாள் எழுத்துகள் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மூன்றாம் நாள் பிரிந்து நின்றன. ஐந்தாம் நாள் தாள் ஒன்றில் எழுத்துகளுக்குப் பக்கத்தில் இரத்தத் துளி காய்ந்திருந்தது. விரல் வெடிப்பு விட்டிருக்க வேண்டும். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரிசைக்குப் போய்க் குனிந்தார். அன்றைக்குப் பிடுங்குகிற வேலை அவருக்கு ஓடவில்லை. முப்பத்தாறு வருடத்துக்கு முன்னம் இந்தக் கையில் ஒரு பேனையைக் கொடுத்திருந்தால் ஒரு கிழமையில் முடிந்திருக்கும் வேலை. ஒரு பிள்ளை பானையை இறக்கியது, ஒரு பிள்ளை சோற்றைக் கட்டிக்கொண்டு போனது. தகப்பன் சொன்னது என்று இவ்வளவு காலமும் அவர் நினைத்திருந்தார். தகப்பன் இறந்தும் இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஒரு கிழமை முடிந்து நானாவின் கடைக்குப் போனபோது, உள்ளே ஆணி நிறுத்துக்கொண்டிருந்த ஒருவரை நானா கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். மேசையைத் துடைத்தார். கடதாசியை முழுதாக உரத்து வாசித்து, விளங்கினதா என்று கேட்டார். விளங்கினது என்றாள். எவ்வித உரித்தும் இல்லை என்ற வரியில் விரலை வைத்து, இது இதுதானே என்று அவளே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அந்த ஆறு நாளில் அதையும் எழுத்துக் கூட்டப் பார்த்திருக்கிறாள்.

பிறகு ரியூப் சுற்றிய தன் பேனையைப் பையிலிருந்து எடுத்தாள். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொண்டு எழுதினாள். ஒரு எழுத்து முடிய ஒரு தரம் மூச்சு விட்டாள். நடுவில் ஒரு தரம் இருமல் வந்தது. பேனையைத் தாளிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டு, விட்ட இடத்திலேயே வைத்தாள். சுருக்கி எழுதவில்லை. ஆறு எழுத்தும் இருந்தது. கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இறங்கியிருந்தது.

நானா சீல் குத்தினார். தவராசா சாட்சிக்கென்று பேனையோடு முன்னால் வந்தார். ஆள் நேரில் வந்து தானே ஒப்பம் வைத்திருக்கும்போது சாட்சி தேவையில்லை என்று நானா சொன்னார். அவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

ஒப்பத்துக்குப் பக்கத்தில் திகதிக்கு ஒரு புள்ளிக்கோடு விட்டிருந்தது. இலக்கம் எழுத அவள் பழகியிருக்கவில்லை. "அதை நீங்களே எழுதுங்கோ அண்ணை," என்று கடதாசியை அவர் பக்கம் தள்ளினாள். தவராசா பேனையைத் திரும்பக் கழற்றி, தன் வழமையான உருண்டை எழுத்தில், கோட்டை விட்டு இறங்காமல் எழுதினார்: 2018 ஒக்டோபர் 23, செவ்வாய்க்கிழமை.